மார்கழியில் கோழி கூட்டில் அடைய மறுப்பது ஏன்?

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும், தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர், பீர்க்கன்கரணை, முடிச்சூர், வண்டலூர் வட்டாரத்தில் புறக்கடையில் கோழி வளர்ப்போரிடம் ஒரு முறையீட்டைக் கேட்கலாம். பனிக்காகக் கூட்டைச் சுற்றிச் சாக்குக் கட்டியாயிற்று. மேலே தார்ப்பாய் போட்டாயிற்று. கதவிடுக்கில் பழந்துணியும் அடைத்தாயிற்று. இத்தனை செய்தும் கோழி உள்ளே போக மறுக்கிறது. பொழுது சாய்ந்ததும் முருங்கை மரத்திலோ, மதில் சுவரிலோ, நிறுத்தி வைத்த வண்டியின் மீதோ ஏறி உட்கார்ந்து கொள்கிறது. துரத்திப் பிடித்து உள்ளே தள்ளினாலும் மறுநாள் மாலை பழைய கதைதான்.

"இத்தனை செய்தும்" என்பதை "இத்தனை செய்ததால்" என்று மாற்றிச் சொன்னால் பாதி விஷயம் விளங்கிவிடும். இந்த வட்டாரத்தில் வளர்ந்த கோழிக்குக் குளிர் பகையல்ல. ஈரமும், அடைபட்ட காற்றும், கூட்டின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் உண்ணியுமே பகை. குளிருக்குப் பயந்து கூட்டை மூடும்போது, இல்லாத பகையைத் தடுத்து, இருக்கிற மூன்று பகைகளையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிறது. கோழி இதை உணர்ந்துதான் வெளியேறுகிறது. அது பிடிவாதமல்ல.

குளிர் எவ்வளவு?

நன்றாக இறகு மூடிய வளர்ந்த கோழிக்கு ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி சென்டிகிரேடு வரை வசதியான வெப்பநிலை. மார்கழி, தை மாதங்களில் சென்னையின் தென்புறத்தில் விடியற்கால வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. சில நாட்கள் ஓரிரு டிகிரி இறங்கலாம். அதாவது, மனிதர் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போகும் அதே நேரம், கோழிக்கு ஆண்டிலேயே மிகச் சுகமான நேரம். கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி; மனிதரைவிட நான்கு டிகிரி அதிகம். அதன் இறகுக்கு அடியில் சிக்கி நிற்கும் காற்றே அதற்குப் போர்வை. உறங்கும்போது இறகைச் சிலிர்த்துக்கொண்டு, காலை வயிற்று இறகுக்குள் மடித்து, தலையைச் சிறகோடு சேர்த்துக்கொண்டால் அந்தப் போர்வை முழுமையாகிறது. இந்த வட்டாரத்தில் கோழி துன்பப்படுவதும் சாவதும் சித்திரை, வைகாசிக் கத்திரி வெயிலில்தான். அப்போது கூட்டுக்கு நிழல் தேடாதவர் மார்கழியில் கம்பளி தேடுவது வேடிக்கையே.

மார்கழியில் உறைபனி விழும் உதகமண்டலத்திலும் வீடுகளில் கோழி வளர்கிறது. அதைவிடக் கடுமையான குளிர் உள்ள அமெரிக்காவின் வட மாநிலங்களில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டாக்டர் பிரின்ஸ் வுட்ஸ் போன்றவர்கள் முன்பக்கம் திறந்த கோழி வீடுகளை ஆதரித்து எழுதினார்கள். இறுக மூடிய கொட்டகையில் கோழிகள் நோயுற்றதும், கம்பிவலை மட்டும் போட்ட திறந்த கொட்டகையில் அவை நலமாக இருந்ததுமே அதற்குக் காரணம். பனி பெய்யும் நாட்டில் கோழிக்குத் திறந்த காற்று வேண்டும் என்றால், பனியே அறியாத இரும்புலியூரில் சொல்லவே வேண்டியதில்லை.

அப்படியானால் சாக்குக் கட்டும் யோசனை எங்கிருந்து வந்தது? இதில் ஆலோசனை சொல்வோருக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. குளிர்காலப் பராமரிப்பு என்ற தலைப்பில் வரும் குறிப்புகளில் பல, பஞ்சாப், இமாசலப் பிரதேசம் போன்ற பகுதிகளுக்காக எழுதப்பட்டவை. வேறு சில, ஆழ்கூளக் கொட்டகையில் நூற்றுக்கணக்கில் வளரும் இளங்குஞ்சுகளுக்காக எழுதப்பட்டவை. குஞ்சுக்கு வெப்பம் வேண்டும் என்பது முற்றிலும் சரி. குஞ்சுக்குச் சொன்னதைத் தாய்க்கோழிக்கும், வடக்கிற்குச் சொன்னதைச் செங்கற்பட்டுச் சீமைக்கும் அப்படியே பொருத்தியதுதான் பிழை.

மூடிய கூட்டுக்குள் நடப்பது

பத்துக் கோழிகள் அடையும் ஒரு தகரக் கூரைக் கூட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோழி ஒரு நாளில் ஏறத்தாழ 100 முதல் 120 கிராம் வரை எச்சம் இடுகிறது. அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். எச்சத்தில் ஒரு பகுதி இரவில் கூட்டுக்குள்ளேயே விழுகிறது. இதோடு பத்துக் கோழிகளின் மூச்சும் விடிய விடிய ஈரத்தை வெளிவிடுகிறது. இந்த ஈரக்காற்று மேலே எழுந்து வெளியேற வழி இருந்தால் தொல்லை இல்லை. சாக்கும் தார்ப்பாயும் வழியை அடைத்துவிட்டால், அது பனியில் குளிர்ந்த தகரத்தின் அடிப்பக்கத்தில் நீர்த்துளியாகக் கோத்து, சொட்டுச் சொட்டாகக் கோழியின் முதுகிலேயே விழும். தேநீர்ப் பாத்திரத்தின் மூடியில் நீர் கோப்பதும் இப்படித்தான். விளம்பரப் பதாகைத் துணியை எடுத்துவந்து கூரைக்கு அடியில் கட்டும் பழக்கம் இப்போது புறநகர் முழுவதும் பரவியிருக்கிறது. அது மழையைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஆவியையும் தடுக்கும். நனைந்த இறகில் காற்றுத் தங்காது. எனவே வெளியே மரத்தில் உலர்ந்திருக்கும் கோழிக்கு உறைக்காத குளிர், உள்ளே நனைந்த கோழிக்கு உறைக்கிறது.

ஈரமான எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்புகிறது. கதவைத் திறந்ததும் மனிதர் மூக்கில் காரம் ஏறினால், அளவு ஏற்கெனவே மிஞ்சிவிட்டது என்று பொருள். வளர்ப்பவர் அதை ஒரு நொடிதான் முகர்கிறார். கோழியோ தரையை ஒட்டி, பன்னிரண்டு மணி நேரம் முகர்கிறது. கண் கலங்கும், மூச்சுக் குழலின் உள்தோல் புண்படும், பிறகு எந்தக் கிருமியும் எளிதில் நுழையும். கோழி தும்முவதையும் கொர்கொர் என்று மூச்சு விடுவதையும் பார்த்து, "சளி பிடித்துவிட்டது" என்று இன்னும் இரண்டு சாக்கைச் சேர்த்துக் கட்டுவோர் உண்டு. அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் நோயும் குளிரால் வருவதன்று. குமாவுன் மலையிலுள்ள ராணிகேத் என்னும் ஊரின் பெயர் அதற்கு வாய்த்ததே தவிர, அது வைரஸ் நோய். அடைபட்ட காற்றில் ஒரு கோழியிலிருந்து மற்றவற்றுக்கு விரைந்து பரவும்.

பழைய தலைமுறை இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூங்கிலில் முடைந்த பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழியை அடைத்தபோது, பின்னலின் இடைவெளி வழியே காற்று தாராளமாகப் போய் வந்தது. திண்ணைக்கு அடியில் மண்ணால் கட்டிய கூட்டிலும் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. தகரமும், பிளாஸ்டிக் தாளும், சிமெண்டுத் தரையும் வந்த பிறகுதான் ஈரம் போக்கிடமின்றித் தவிக்கத் தொடங்கியது.

மரத்தில் உறங்கட்டுமே என்று விட்டுவிடலாமா?

கோழியின் மூதாதை காட்டுக்கோழி. அது மரக்கிளையில் உறங்கும் பறவை. ஆகவே மரத்தில் ஏறுவது கோழிக்கு இயல்பே. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாதிடுவோர் உண்டு. குளிரை மட்டும் கணக்கிட்டால் அந்த வாதம் தவறில்லை. ஆனால் இரும்புலியூரின் இரவு காட்டின் இரவன்று. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகிவிட்டன, ஜி.எஸ்.டி. சாலையிலும் மதுரவாயல் புறவழிச்சாலையிலும் விடிய விடிய வண்டிகள் ஓடுகின்றன. தெருநாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. பூனையும் மரநாயும் மரமேறும். விடியற்காலையில் கோழி கீழே இறங்கும் நேரம் நாய்க்கும் கீரிக்கும் வேட்டை நேரம். இரண்டு கால் திருடர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை.

ஒரு நாட்டுப் பெட்டைக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். மூன்று, நான்கு முறை அடைக்கு உட்கார்ந்து குஞ்சு பொரிக்கும். பத்துக் கோழி வைத்திருக்கும் ஓர் அம்மாளுக்கு ஓர் இரவில் இரண்டு பெட்டை போனால், இரண்டு கோழியின் விலை மட்டும் போகவில்லை. ஓராண்டு முட்டையும் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன. வெளியே உறங்கும் கோழி வெளியிலேயே, புதர் மறைவில், முட்டையிடவும் பழகிக்கொள்கிறது. அந்த முட்டை வீடு வந்து சேர்வதில்லை.

மழைக்காலத்தை மறந்துவிடவும் கூடாது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் இந்த வட்டாரத்து மரங்கள் வேரோடு சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் புறநகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. வெறும் குளிரைத் தாங்கும் கோழி, மழையில் நனைந்து காற்றும் அடித்தால் தாங்காது. இப்படிப்பட்ட இரவு ஆண்டில் நான்கோ ஐந்தோதான் வரும். ஆனால் அந்த இரவில் மட்டும் கோழியைக் கூட்டுக்குப் போகச் சொன்னால் அது போகாது. கூட்டைத் தன் வீடாக எண்ணும் பழக்கம் அதற்கு முன்பே ஏற்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே கூடு தேவை. மூடிய கூடு தேவையில்லை.

கோழி சொல்வதைக் கேட்டறிதல்

கோழி எப்படி மறுக்கிறது என்பதைக் கவனித்தால் காரணத்தை ஏறக்குறையக் கண்டுபிடித்துவிடலாம். ஒரே ஒரு கோழி மட்டும் வெளியே நின்றால், குறை கூட்டில் இருக்க வாய்ப்பில்லை. கோழிகளுக்குள் மேல் கீழ் உண்டு. கடைசியில் உள்ளதைப் பிற கோழிகள் கொத்தி விரட்டும். இடம் போதாத கூட்டில், அல்லது ஒரு கழி உயரமாகவும் மற்றொன்று தாழ்வாகவும் உள்ள கூட்டில், இந்தச் சண்டை நாள்தோறும் நடக்கும். புதிதாக வாங்கிவந்த கோழியும் இப்படி ஒதுங்கும். நேற்றுவரை ஒழுங்காக அடைந்த கோழிகள் எல்லாம் திடீரென்று ஒரே இரவில் மறுத்தால், உள்ளே பாம்போ பெருச்சாளியோ வந்து போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தரையில் வளை இருக்கிறதா, சுவரோரம் மண் கிளறப்பட்டிருக்கிறதா என்று பகலில் தேட வேண்டும். எல்லாக் கோழிகளும் சிறிது சிறிதாக, ஒரு மாத காலத்தில் கூட்டை விட்டு விலகினால், காரணம் ஈரம் அல்லது உண்ணி.

ஈரத்தைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. விடியுமுன், கூட்டைத் திறந்த உடனே தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். கண் எரிகிறதா? பிறகு கூரையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவ வேண்டும். கை நனைந்தால் அந்தக் கூட்டுக்குக் காற்று போதவில்லை. வெயில் ஏறிய பிறகு பார்த்தால் எல்லாம் காய்ந்திருக்கும்; ஒன்றும் தெரியாது.

உண்ணி சற்றுத் தந்திரமானது. கோழிப்பேன் கோழியின் மேலேயே வாழும். இறகைப் பிரித்தால் தெரியும். செள்ளும் முகத்திலும் கொண்டையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியும். ஆனால் கோழி உண்ணியும், இரவில் இரத்தம் உறிஞ்சும் சிவப்புச் சிற்றுண்ணியும் பகலில் கோழியின் மேல் இருப்பதில்லை. சுவர்க் கீறல், மரப்பட்டை, கழியின் முனை, கூரை விட்டம் ஆகியவற்றில் ஒளிந்துகொண்டு, இருட்டியதும் இறங்கிவந்து இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் ஒளிந்துகொள்கின்றன. பகலில் கோழியைத் தூக்கி எத்தனை முறை பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. "பேன் இல்லை, உண்ணி இல்லை, ஆனாலும் கோழி உள்ளே போகவில்லை" என்போர் இரவு ஒன்பது மணிக்குக் கைவிளக்குடன் போய், கழிகளின் அடிப்பக்கத்தையும் முனைகளையும் ஒரு வெள்ளைத் தாளால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். தாளில் இரத்தக் கோடு விழுந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். கொண்டை வெளுப்பதும், முட்டை குறைவதும், கோழி இளைப்பதும் இதன் பிற அடையாளங்கள். கோழி உண்ணி இரத்தமின்றி ஓராண்டுக்கு மேலும் உயிருடன் ஒளிந்திருக்கக்கூடியது. எனவே கூட்டைச் சில வாரங்கள் காலியாகப் போட்டு வைத்தால் அது செத்துவிடும் என்று எண்ணுவது வீண்.

உண்ணி ஒழிப்பில் மருந்தைவிட இடுக்கை ஒழிப்பது முக்கியம். சுவர்க் கீறல்களைச் சிமெண்டாலோ களிமண்ணாலோ அடைக்க வேண்டும். கழிகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைக்க வேண்டும். தகரத்திலும் செங்கல்லிலும் தீப்பிழம்பு காட்டலாம்; கீற்றுக் கொட்டகையில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. பிறகு சுண்ணாம்பை நீர்க்கக் கரைக்காமல் கெட்டியாகக் கரைத்து, இடுக்குகளில் இறங்கும்படி இரண்டு முறை அடிக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து முட்டையிலிருந்து வெளிவந்தவற்றுக்காக மீண்டும் ஒரு முறை அடிக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் மருந்தைச் சொல்லும் அளவில் பயன்படுத்தலாம். பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மீதி இருக்கிறது என்று அதைக் கோழியின் மேலோ கூட்டிலோ தெளிப்பது ஆபத்து. அது முட்டை வழியே வீட்டுக் குழந்தைகளையும் வந்தடையும். கோழிகள் புரளுவதற்கு மழை படாத ஓர் இடத்தில் விறகுச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து வைத்தால், பேனை அவையே பெருமளவு உதறிக்கொள்ளும்.

கூட்டில் செய்ய வேண்டிய திருத்தம்

பத்து நாட்டுக்கோழி இரவு தங்குவதற்கு 4 அடி நீளம், 3 அடி அகலம் உள்ள கூடு போதும். பகலில் வெளியே மேயும் கோழிக்கு இதற்கு மேல் செலவு செய்வது வீண். முன்பக்கம் 4 அடி, பின்பக்கம் 3½ அடி உயரம் இருக்கலாம். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் கால் வைத்து நிறுத்த வேண்டும்; தெருவில் தண்ணீர் நிற்கும் முடிச்சூர்ப் பக்கத்துத் தாழ்வான மனைகளில் இன்னும் உயரமாகவே வைக்கலாம்.

காற்று போகும் வழிதான் இதில் உயிர்நாடி. கூரையை ஒட்டி, இரண்டு நீளப் பக்கங்களிலும் அரை அடி உயரத்திற்குத் திறந்துவிட்டு அரை அங்குலக் கம்பிவலை அடிக்க வேண்டும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையைக் கீரியும் பெருச்சாளியும் பிய்த்துவிடும். கோழி உட்கார்ந்திருக்கும் உயரம் வரை பக்கச் சுவர் அடைப்பாக இருக்கட்டும். காற்று கோழியின் தலைக்கு மேலே போக வேண்டும். முதுகில் நேரே அடிக்கக் கூடாது. வாடைக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் வரும் வடக்கு, கிழக்குத் திசைகளில் கூரையை ஓர் அடி நீட்டி இறக்கிவிட்டால் சாரல் உள்ளே வராது. சாக்குக் கட்டியே தீர வேண்டும் என்று மனம் கேட்காதவர்கள், அந்த வடகிழக்கு முகத்தில் மட்டும், மேலே அரை அடியை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளட்டும். மறுநாள் காலை அதை அவிழ்த்து வெயிலில் உலர்த்த வேண்டும். தகரக் கூரையின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் இரவில் தகரம் சட்டென்று குளிராது. நீர் கோப்பதும் குறையும். கோடையில் வெப்பமும் தணியும்.

உட்காரும் கழி இல்லாத கூடு கோழிக்கு வீடாகத் தோன்றாது. உயரத்தில் கால் பதித்து உறங்கவே அது மரத்தைத் தேடுகிறது. 4 அடி நீளத்தில் இரண்டு கழி, இரண்டும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடியில், ஒன்றுக்கொன்று ஓர் அடி இடைவெளியில் அமைத்தால் பத்துக் கோழிக்கும் இடம் கிடைக்கும். பூவரசு, வேம்புக் கிளைகளே போதும். ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் கனம் இருக்க வேண்டும். பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டைக்குள்தான் உண்ணி குடியிருக்கும். இரும்புக் குழாய் வழுக்கும். கிரிராஜா, வனராஜா போன்ற கனத்த கோழிகளுக்குக் கழியை ஓர் அடிக்கு இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தினமும் குதித்து இறங்குவதில் பாதம் புண்ணாகும். தரையில் மூன்று, நான்கு அங்குலத்திற்கு நெல் உமியோ, கடலைத்தொலியோ, மரத்தூளோ பரப்பி, ஈரம் கண்ட இடத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். அள்ளியதை மக்கவைத்துத் தென்னைக்கும் முருங்கைக்கும் போடலாம்.

மாலைப் பொழுது முக்கியம்

கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. ஆகவே முழு இருட்டு வருவதற்கு முன்பே அது இடம் பிடித்தாக வேண்டும். சென்னையில் ஆனி மாதத்தில் சூரியன் மறையும் நேரம் மாலை 6-35 மணியைத் தாண்டுகிறது. கார்த்திகைத் தொடக்கத்தில் அதுவே 5-40 மணி அளவிற்கு வந்துவிடுகிறது. மார்கழியிலும் 6 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் குடும்பம், ஆனியில் சற்று முந்தி வந்தபோது கண்ணெதிரே கூட்டில் அடைந்த கோழி, மார்கழியில் ஒரு மணி நேரம் முன்பே வேறிடம் பிடித்துவிட்டதைக் காண்கிறது. கூட்டுக் கதவு அப்போது சாத்தியிருந்திருந்தால் கோழி மேல் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

இன்னொன்று, தெருவிளக்கு. அந்தி மங்கும்போது கோழி கடைசி வெளிச்சம் உள்ள இடத்தை நாடும். மூடிய கூட்டின் உட்புறம் கும்மிருட்டு. மதில் சுவரிலோ பளிச்சென்று தெருவிளக்கின் ஒளி. கோழி எங்கே போகும்? கூட்டின் உள்ளே ஒரு சிறிய மின்விளக்கைத் தொங்கவிட்டு, மாலை 5-15 மணி முதல் எரியவிட வேண்டும். எல்லாம் உள்ளே போய்க் கழியில் அமர்ந்த பிறகு, கால் மணி கழித்து அணைத்துவிடலாம். விடிய விடிய எரிய வேண்டியதில்லை. மார்கழியில் முட்டை குறைவதற்கும் குளிர் காரணமன்று. பகல் நேரம் ஆனியில் இருந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மணி குறைந்திருப்பது முக்கியமான காரணம்.

மாலையில் கடைசித் தீனியைக் கூட்டின் உள்ளேயே வைக்க வேண்டும். வெளியே இறைக்கக் கூடாது. ஒரு கோழிக்கு ஒரு சிறு கைப்பிடி கம்பு, சோளம் அல்லது நொய் போதும். தீனிப்பை நிறைந்து உறங்கும் கோழிக்கு, அந்தத் தானியம் இரவு முழுவதும் செரித்து உடலுக்குச் சூடு தரும். நூறு சாக்கைவிட இந்த ஒரு கைப்பிடித் தானியம் மேல்.

மரத்தில் உறங்கிப் பழகிவிட்ட கோழியை மாற்ற ஒரு வாரம் ஆகும். மாலையில் துரத்துவது கூடாது. துரத்தப்பட்ட கோழி கூட்டைப் பொறியாக நினைக்கும். நன்றாக இருட்டிய பிறகு, சத்தமின்றிப் போய், இரு கைகளாலும் சிறகை அணைத்துத் தூக்கி, கூட்டில் கழியின் மேல் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலை மற்றக் கோழிகளோடு சற்றுத் தாமதமாக, எட்டு மணிக்குத் திறந்துவிடலாம். ஐந்து முதல் ஏழு இரவு இப்படிச் செய்தால் பெரும்பாலானவை தாமாகவே வரத் தொடங்கும். வயது முதிர்ந்த ஒன்றிரண்டு திருந்தாமல் போகலாம். ஒரு பக்கச் சிறகின் இறகைக் கத்தரித்துவிடச் சிலர் சொல்கிறார்கள். கூடு சரியாக உள்ள, வேலி போட்ட இடத்தில் அது தவறில்லை. நாய்கள் திரியும் தெருவில் கோழிக்கு இருக்கும் ஒரே தற்காப்பு பறப்பதுதான். அதையும் வெட்டிவிடுவது ஏற்கத்தக்கதன்று.

குஞ்சுக்கு மட்டும் வேறு கணக்கு

இதுவரை சொன்னது வளர்ந்த கோழிக்கு. தாயில்லாமல் வாங்கிவந்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி அளவில் வெப்பம் வேண்டும். பிறகு வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற கணக்கில் பழைய குண்டு பல்பு பொருத்த வேண்டும். குறைந்த மின்சாரத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்தால் வெப்பம் போதவில்லை. விலகி ஓரம் ஒதுங்கினால் அதிகம். இங்கேயும் பக்கத்தில் சாக்கு மறைப்பு இருக்கலாம், மேலே திறப்பு இருந்தே ஆக வேண்டும். கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது குஞ்சுகளை மட்டுமன்றி, கவனிக்கப் போகும் மனிதரையும் கொல்லக்கூடிய செயல்.

குஞ்சு வழங்கும் திட்டங்கள் எதுவானாலும், குஞ்சோடு கூடு அமைக்கும் பயிற்சியையும் சேர்த்தே தர வேண்டும். ஐந்து வாரக் குஞ்சைக் கொடுத்துவிட்டு, அது எங்கே உறங்கும் என்று கேட்காமல் வருவது பாதி வேலைதான். ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இந்த வட்டாரத்தாருக்குக் கைக்கெட்டும் தூரம். சந்தேகம் உள்ளவர்கள் அங்கே நேரில் போய்க் கேட்டு வரலாம்.

கூட்டைத் திருத்தும் வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடிப்பது நல்லது. இந்த ஆண்டு தவறியவர்கள் இன்று மாலையே சாக்கை அவிழ்த்து, மேல்பக்கம் அரை அடி திறந்துவிட்டுத் தொடங்கலாம். பிப்ரவரியில் ராணிக்கெட் தடுப்பூசி இருவார முகாம் நடக்கும்போது இதன் பலன் இன்னொரு வகையிலும் தெரியும். கூட்டில் அடைந்த கோழிக்கு ஊசி போட, அன்று காலை கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் போதும். மரத்தில் உறங்கிய கோழியைப் பிடிக்க வீட்டிலுள்ளோர் அனைவரும் தெரு முழுவதும் ஓட வேண்டியிருக்கும். அதற்குள் மருத்துவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.